கல்லும் செம்பும் ஓலையும்: எழுதுபொருள்களின் ஏசல்

முன்னுரை

பள்ளு நூல்களைப் பயின்றோர், மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் பகுதியை நன்கு அறிவர். ஒருத்தி மற்றவளின் ஊரைப் பழிப்பாள். மற்றவள் அவள் வழிபடும் தெய்வத்தைப் பழிப்பாள். வசை வளர்ந்து முற்றியபின் இருவரும் ஒருவாறு அமைதியுற்று ஒரு மனையில் வாழத் தலைப்படுவர். தமிழ் மக்கள் தம் பாடல்களையும் கணக்குகளையும் உரிமைகளையும் பொறித்து வைத்த எழுதுபொருள்களிடையேயும் இத்தகைய ஏசல் ஒன்று நெடுங்காலமாக நிகழ்ந்து வந்தது எனலாம். கல் ஓலையை இகழும். ஓலை கல்லை எள்ளும். செம்பு இரண்டினையும் தாழ நோக்கும். குப்பையிற் கிடக்கும் பானை ஓடு நடுவே புகுந்து மூவரையும் நகைக்கும்.

நகைச்சுவை ஒன்றே கருதி இதனை ஈண்டு எடுத்துக்கொண்டோம் அல்லோம். எழுதிய செய்தியை நெடுநாள் காக்கவல்ல பொருள் யாது என வினவின், கல் என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. ஆயின் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்களை நம் கையிற் கொணர்ந்து சேர்த்தது கல் அன்று. கறையான் அரிக்கும் பனையோலையே. வலியது நின்ற இடத்திலேயே நிற்க, மெலியது நடந்து வந்து சேர்ந்த இம்முரண் யாங்ஙனம் நிகழ்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நான்கு பொருள்களின் வழக்கையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, பின்னர் முடிவு காண்போம்.

கல்லின் வழக்கு

மூத்தது என்னும் உரிமையால் கல்லே முதலில் வாய் திறக்கும். அதன் பெருமை சிறிதன்று. மதுரைக்கு அணித்தான மாங்குளத்துக் குகைகளில் நெடுஞ்செழியன் என்னும் பெயரைத் தாங்கிய தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. இவை கி. மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தன என்பது ஐராவதம் மகாதேவன் போன்றோர் கருத்து. புகழூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள கல்வெட்டு, சேரர் மூன்று தலைமுறையினரை முறையே கூறுகின்றது. 1981இல் கண்டறியப்பெற்ற சம்பைக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் காணப்படுகின்றது. இம்மன்னர்கள் வெறும் புலவர் கற்பனையோ என ஐயுற்றோர்க்கு, அவர்தம் காலத்தை ஒட்டிய சான்றாக வாய்த்தவை இக்கற்களே. "உன் பாட்டில் வரும் வேந்தன் மெய்யாக வாழ்ந்தவன் என்று சான்று கூறியவன் நான்" எனக் கல் ஓலையை நோக்கிக் கூறுமாயின், அதனை மறுத்தல் இயலாது.

கொள்ளளவிலும் கல் குறைந்ததன்று எனக் காட்டத் தஞ்சைப் பெரிய கோயில் ஒன்றே போதும். இராசராசன் அக்கோயிலுக்கு அளித்த அணிகலன்களின் எடை, விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளின் தொகை ஆகியன மட்டுமின்றி, பல கோயில்களிலிருந்து வருவிக்கப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், அவர்கள் முன்பிருந்த கோயில்களும், தஞ்சையில் அவர்களுக்கு வகுக்கப்பட்ட வீடுகளின் வரிசையும் அங்குக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஓர் அரசு அலுவலகத்தின் பேரேடு முழுவதையும் சுவரில் எழுதிவைத்தாற் போன்றது இது.

நிலைபேறு பற்றிக் கல்லுக்குள்ள செருக்கையும் கல்வெட்டுத் தொடர்களே காட்டும். ஞாயிறும் திங்களும் உள்ளவரை இவ்வறம் நிற்பதாக எனக் குறிக்கும் 'சந்திராதித்தவல்' என்னும் தொடரைக் கல்வெட்டுப் பயில்வோர் காணாத நாள் இல்லை. ஓலை எழுதுவோன் எவனும் தன் ஓலைக்கு இத்துணை நீண்ட ஆயுளை விரும்பித் துணிந்ததில்லை.

கல்லுக்கு எதிர்வழக்கு

இனி ஓலையின் எள்ளலைக் கேட்போம். கல் தானிருக்கும் இடத்தைவிட்டு அசையாது. படிக்க விரும்புவோனே அதனிடம் செல்லல் வேண்டும். சென்றபின்னும், எழுத்து கருவறையின் பின்புறத்தே இருள் சூழ்ந்த மூலையிலோ, பிற்காலத்தார் எழுப்பிய மண்டபச் சுவரினுள்ளோ மறைந்திருத்தல் கூடும். திருப்பணி என்னும் பெயரால் கற்கள் இடம் மாறி, எழுத்துத் தலைகீழாய்ப் படிக்கட்டில் அமைந்த காட்சியைக் கள ஆய்வு செய்தோர் பலரும் கண்டிருப்பர். சுண்ணாம்புப் பூச்சும், அதனை நீக்க மேற்கொண்ட மணல் வீச்சும் எழுத்தைத் தேய்த்தமை அண்மைக் காலத்துத் துயரம். ஞாயிறும் திங்களும் தத்தம் கடமையைத் தவறாது செய்துவர, கொத்தனார் ஒருவர் தம் கடமையைச் செய்தமையால் சாசனம் மறைந்தது.

இதனினும் கூரிய எள்ளல் ஒன்றுண்டு. கல் தன்னிடமுள்ள செய்தியைக் காத்தது, படிப்போரைக் காக்கவில்லை. எழுத்தின் வடிவம் காலந்தோறும் மாறியபோது கல் மாறவில்லை. ஆதலின் அது பேசியும் கேட்பார் இலராயினர். பிராமி எழுத்தின் மறைபொருளை சேம்சு பிரின்செப் 1837இல் வெளிப்படுத்தினார். மாங்குளத்துக் கல்வெட்டு 1882இல் இராபர்ட் சுவெல் என்பவரால் கண்டறியப்பட்டது. இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924இல் எடுத்துக்காட்டியவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர். அணித்தே வாழ்ந்த மக்கள் பல நூற்றாண்டுகள் தம் மொழியில் எழுதப்பட்டவற்றையே படிக்க இயலாமல் கடந்து சென்றனர். செய்தி அழியவில்லை, ஆயின் இருந்தும் பயன்படவில்லை. காப்பு என்பதற்கு இது நிறைவான பொருள் ஆகுமா என ஓலை கேட்கும் கேள்வி எளிதிற் தள்ளத்தக்கதன்று.

செம்பின் வழக்கு

செம்பு அவைக்கு வரும்போதே வளையமும் முத்திரையும் பூண்டு வரும். சோழர் செப்பேடுகள் வளையத்திற் கோக்கப்பெற்று, புலியும் இணைக்கயலும் வில்லும் பொறித்த அரச முத்திரையைத் தாங்குவன. கல்லின் உறுதியும் ஓலையின் வடிவும் ஒருங்கே வாய்த்தது தானே என்பது செம்பின் துணிபு. அதன் ஏடுகள் ஓலைச்சுவடியைப் போலவே நீண்டு, துளையிடப்பட்டு, அடுக்கப்படுகின்றன. ஓலையை ஏசிக்கொண்டே ஓலையின் உருவத்தைச் செம்பு கடன் வாங்கியிருப்பதை அவையோர் கண்டு நகைப்பர்.

பெரிய லெய்டன் செப்பேடு 21 ஏடுகள் கொண்டது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்த செய்தி அதிற் கூறப்படுகின்றது. எல்லை காட்டப் பிடியானை ஒன்றை ஊரைச் சூழ நடத்திய செய்தியும், அது கடந்த வாய்க்கால்களும் மேடுகளும் வயல்களும் ஒன்றுவிடாது செம்பில் ஏறியுள்ளன. நாகப்பட்டினத்தைப் பற்றிய ஓர் ஆவணம் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்து அந்நகரின் பெயரையே பெற்றமை, செம்பு எளிதிற் பயணம் செய்யும் என்பதற்குப் பெருஞ்சான்று. கல்லால் இது கூடுமா?

கூடாதுதான். ஆயின் செம்பின் சிறப்பே அதற்குப் பகையாவதையும் நோக்கல் வேண்டும். ஓலையைத் திருடுவோன் அரியன், கல்லைத் திருடுவோன் அதனினும் அரியன், செம்புக்கோ விலையுண்டு. உருக்கினால் அண்டாவாகும், அண்டாவில் சாசனம் இராது. மேலும், ஏட்டின் மதிப்பு மிகுந்தமையாற் போலி ஏடுகளும் மிகுந்தன. கங்க மன்னர் பெயரால் வழங்கிய செப்பேடுகள் பலவற்றைப் போலி எனப் பிளீட் என்னும் அறிஞர் ஒதுக்கியமை கல்வெட்டாய்வு வரலாற்றில் அறியப்பட்ட செய்தி. உறுதியான பொருளில் எழுதியது உறுதியான உண்மையாகும் என்னும் எண்ணம் பொய்யரையும் கவர்ந்தது.

வேள்விக்குடிச் செப்பேடு செம்பின் நிலையைத் தெளிவுறக் காட்டும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அளித்த ஊர் களப்பிரர் காலத்திற் கைமாறியது. பல நூற்றாண்டு கழிந்தபின் கொற்கை கிழான் நற்சிங்கன் என்பான் பாண்டியன் நெடுஞ்சடையனிடம் முறையிட்டான். மன்னன், நாட்டாரைக் கொண்டு பழமையை மெய்ப்பிக்குமாறு பணிக்க, அவனும் அவ்வாறே மெய்ப்பித்து ஊரை மீளப் பெற்றான். இச்செய்தியைக் கூறுவது செப்பேடுதான். ஆயின் அச்செப்பேடு கூறும் நிகழ்ச்சியில் வழக்கை வென்று கொடுத்தது நாட்டாரின் சான்று. மாந்தர் நினைவு காத்ததைச் செம்பு பின்னர் ஏற்றுக்கொண்டது.

பானை ஓட்டின் குறுக்கீடு

இவ்வளவில் பானை ஓடு அவையுட் புகும். அழைப்பின்றி வந்தமையால் அதற்கு இருக்கை இல்லை. அரிக்கமேட்டிலும் கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. ஆதன், குவிரன் முதலிய அப்பெயர்கள் மன்னர் ஆணையால் எழுதப்பட்டன அல்ல. தம் கலம் தம்முடையது எனக் காட்ட எளிய மாந்தர் கீறியவை. கல்லும் செம்பும் கொடையாளரையும் வேந்தரையும் காக்க, ஓடு சோறுண்ட கலத்திற்கு உரியவனைக் காத்தது. எகிப்து நாட்டுக் குசேர் அல் கதீம் என்னும் துறைமுகத்தில் கணன், சாதன் என்னும் பெயர்களும், பானை உறியைக் குறிக்கும் தொடரும் தமிழி எழுத்திற் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. செப்பேடு கடல் கடப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னரே ஓடு கடல் கடந்துவிட்டது.

"உடைந்தபின்னும் நிலைப்பவன் நான்" என்பதே ஓட்டின் தருக்கு. பானையை உடைக்கலாம், ஓட்டை அழித்தல் எளிதன்று. களிமண்ணின் இவ்வியல்பை மேலை ஆசியாவிலும் காண்கிறோம். கி. மு. 612இல் நினிவே நகர் எரியுண்டபோது, அசுர்பனிபால் நூலகத்துக் களிமண் பலகைகள் பல சூளையில் இட்டாற்போல் வெந்து உறுதி பெற்றன. பிற நூலகங்களை அழித்த தீ, அந்நூலகத்தைப் பேணியது. ஆயின் ஓட்டில் எழுதத்தக்கது ஒரு பெயர், மிஞ்சினால் ஒரு சிறு தொடர். காப்பியம் ஒன்றை ஓட்டில் எழுதப் புகுவோன் முதலில் ஊர்ப் பானைகளையெல்லாம் உடைத்தல் வேண்டும்.

ஓலையின் நிலை

இனி ஓலையின் வழக்கு. பனையின் ஓலையும், தாளிப்பனை எனவும் கூந்தற்பனை எனவும் வழங்கும் மரத்தின் ஓலையும் எழுதப் பயன்பட்டன. பருவமறிந்து வெட்டிய ஓலையை நரம்பு களைந்து, வேகவைத்தோ ஊறவைத்தோ உலர்த்தி, மெருகிட்டு, அளவாக நறுக்கித் துளையிடுவர். எழுத்தாணியாற் கீறியபின் எழுத்து விளங்கும்பொருட்டு விளக்குக்கரியும் இலைச்சாறும் மஞ்சளும் தடவுவர். எழுத்து ஓலையின் உள்ளே கீறப்பட்டமையின், மை மங்கினும் மீளத் தடவிப் படிக்கலாம். இது மையால் மேலெழுதும் முறைக்கு இல்லாத சிறப்பு.

இச்சிறப்பைக் கேட்ட கல் உடனே ஓலையின் குறைகளை அடுக்கும். தமிழ்நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை இரண்டு மூன்று நூற்றாண்டு நிற்பதே அரிது. நேபாளத்தின் குளிர்ந்த மலைநாட்டில் ஆயிரமாண்டு கடந்த ஏடுகள் உள்ளன என்றால், அது மலையின் பெருமையே அன்றி ஓலையின் பெருமையன்று. இடமும் காலநிலையும் பொருளின் ஆயுளை வரையறுக்கும் என்பதற்குப் பாப்பிரசுத் தாளும் சான்றாகும். முசிறி வாணிகம் குறித்த கி. பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடன் ஒப்பந்தம் எகிப்தின் வறண்ட நிலத்திற் பிழைத்திருந்து, 1985இல் அச்சேறியது. முசிறியில் எழுதப்பட்டிருக்கக்கூடிய ஓலைக் கணக்குகளுள் ஒன்றும் நமக்கு எஞ்சவில்லை. மழை பெய்யும் நாட்டில் ஓலையை நம்பியது பேதைமை என்று கல் கூறும்.

ஓலை இதற்குச் சமயப் பெருமை பேசி விடையிறுக்கும். திருஞானசம்பந்தர் வரலாற்றில் மதுரையில் நிகழ்ந்த அனல்வாதத்தில் தீயிலிட்ட ஏடு வேகாமல் நின்றது; புனல்வாதத்தில் வையையிலிட்ட ஏடு நீரை எதிர்த்துச் சென்று திருவேடகத்தை அடைந்தது. ஓர் ஏடு ஊருக்கே பெயர் தந்தது என்பது ஓலையின் பெருமிதம். ஆயின் எல்லா ஏடுகளுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டனர் எனத் தாம் கேட்டறிந்த செய்தியை உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் வருத்தத்துடன் எழுதியுள்ளார். அங்கு எவ்வேடும் வேகாமல் மீளவில்லை.

எழுத்துப் பிழையிலும் கல் ஓலையை விடாது. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதுவோர் புள்ளியிடுவதில்லை. புள்ளி குத்தின் ஓலை கிழியும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். விளைவு யாதெனின், எரியும் ஏரியும் ஓலையில் ஒன்றாயின. நெருப்பையும் நீரையும் படிப்போன் தன் அறிவாற் பிரித்தறிய வேண்டியதாயிற்று. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவின ஆதலின், காடும் கரடும் ஒன்றாயின. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் நெடிலுக்கு வேறு வடிவம் வகுக்கும்வரை எகர ஏகார மயக்கம் நீடித்தது. இவ்வாறு கல் முழங்க, ஓலை மெல்லக் கேட்கும்: "கல்வெட்டுகளில் மட்டும் புள்ளி தவறாது உள்ளதோ?" பெரும்பாலான கல்வெட்டுகளிற் புள்ளி இல்லை என்பதை அறிந்த அவையினர் இவ்விடத்தே நகையடக்குவர். கல் கிழியும் என்று கூற அதற்கு வாயில்லை.

படி என்னும் உயிர்

இவ்வேசலின் உள்ளீடு இனித்தான் விளங்கும். ஓலை அழியும் என்பது எழுதியோர் அனைவரும் அறிந்த உண்மை. ஆதலின் அழியுமுன் பெயர்த்தெழுதுதல் ஓலையோடு உடன்பிறந்த கடமையாயிற்று. கல்லில் எழுதியவன், எழுதி முடித்ததும் கடமை முடிந்தது எனச் சென்றான். ஓலையில் எழுதியவனோ அடுத்த தலைமுறையில் ஒருவன் தன் ஏட்டைப் பார்த்து எழுதுவான் என்னும் நம்பிக்கையோடு எழுதினான். சுவடிகளின் இறுதியில் எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டும் குறிப்புகள் அந்நம்பிக்கையையே காட்டும். ஓலையின் மெலிவு, ஓர் ஒழுக்கத்தைத் தோற்றுவித்தது. நம் இலக்கியத்தைக் காத்தது ஓலை என்னும் பொருள் அன்று. படியெடுத்தல் என்னும் அவ்வொழுக்கமே.

படியெடுப்போன் மற்றொரு பணியையும் தன்னையறியாமற் செய்தான். அவன் தன் காலத்து எழுத்தில் எழுதினான். ஆதலின் தமிழி மறைந்து, எழுத்து வடிவம் பலவாறு மாறியபோதும், நூல் ஒவ்வொரு தலைமுறையும் படிக்கத்தக்க வடிவிலேயே இருந்தது. நெடுஞ்செழியன் என்னும் பெயரை மாங்குளத்தில் எவரும் படிக்க இயலாதிருந்த காலத்தும், அப்பெயர் தாங்கிய வேந்தரைப் பாடிய பாடல்கள் ஏட்டில் படிக்கப்பட்டன. பிழைகள் நுழைந்தன; பாடவேறுபாடுகள் பெருகின. ஆயின் பல படிகள் இருந்தமையால் ஒன்றன் பிழையை மற்றொன்றால் திருத்தவும் இயன்றது. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் பல படிகளை ஒப்பிட்டே பாடம் தெளிந்தார். ஒரே கல்லில் உள்ள பிழையைத் திருத்த அக்கல்லால் இயலாது.

ஒரு படி போதாது என்னும் அறிவு பழந்தமிழர்க்கு இயல்பாய் இருந்தமைக்குப் பெரியபுராணம் சுவையான சான்று தரும். திருமணப் பந்தலில் முதியவர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு முடிந்தது என்றே காண்போர் கருதியிருப்பர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர், கிழிக்கப்பட்டது படியோலை என்றும் மூலவோலை தம்மிடம் உளது என்றும் கூறினார். அவையினர் பாட்டனாரின் கையெழுத்து உள்ள வேறோர் ஓலையை வருவித்து ஒப்புநோக்கி உண்மை தெளிந்தனர். மூலம், படி, ஒப்பீடு என்னும் ஆவணக்காப்பின் முப்பெரும் நெறிகளும் இவ்வொரு நிகழ்ச்சியில் அமைந்துள்ளன. படியை மட்டும் வைத்துக்கொண்டு இறைவனே வழக்காட வரவில்லை என்பது கருதத்தக்கது.

கல்லுக்கும் படி உண்டு

அங்ஙனமாயின் கல் தோற்றதோ எனின், அன்று. கல்லும் படியால் வாழ்ந்த இடங்கள் உள. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட இராசராசன் ஆணையிட்டபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலிற் புத்தகத்திற் படியெடுக்கப் பணித்தான். புதிய கோயில் எழுந்தபின், இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. அக்காலத்துப் புத்தகம் ஓலைச் சுவடியே ஆதல் வேண்டும். ஞாயிறும் திங்களும் உள்ளளவும் நிற்பேன் எனத் தருக்கிய கல், இடைக்காலத்தில் சில ஆண்டுகள் ஓலையின் வீட்டில் ஒண்டிக் குடியிருந்தது. திருக்கோடிகாவில் செம்பியன் மாதேவியார் கோயிலைக் கற்றளியாக எடுத்தபோதும் பழைய கல்வெட்டுகள் மீள வெட்டப்பட்டன. அவை 'பழங்கற்படி' என்றே தம்மைக் குறித்துக்கொள்கின்றன. மூலம் அன்று, படியே என ஒப்புக்கொள்ளும் அந்நேர்மை இக்காலப் பதிப்பாளர்க்கும் வேண்டற்பாலது.

சோழர் ஆட்சிமுறையை நோக்கின், கல்லும் செம்பும் ஓலையின் பகைவர் அல்லர், வழித்தோன்றல்கள் என்பது புலனாகும். மன்னன் வாய்மொழியைத் திருமந்திர ஓலை எழுதுவோன் ஓலையில் எழுதுவான், ஓலை நாயகர் ஒப்பிடுவர், வரிப்பொத்தகத்திற் பதிவாகும், நாட்டார்க்கு ஓலை செல்லும், இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே கல்லிலும் செம்பிலும் வெட்டப்படும். இன்று மூலம் என நாம் போற்றும் கல்வெட்டு, உண்மையில் நீண்டதொரு படிவரிசையின் இறுதிப் படியாகும். முந்திய படிகள் மறைந்தமையால் அது மூலமாயிற்று.

எதிர்ப்பக்கச் சான்றும் ஒன்றுண்டு. திருவிடைவாய் என்னும் தலத்திற்குரிய சம்பந்தர் பதிகம் தேவார ஏடுகளில் இல்லை. அத்தலத்துக் கோயிற் கல்வெட்டிலிருந்து 1917இல் கண்டெடுக்கப்பட்டது. ஏட்டின் படிவரிசை தவறவிட்டதை ஒரு சுவர் காத்திருந்தது. 2023இல் சீகாழிக் கோயில் வளாகத்தில் மண்ணுளிருந்து தேவாரப் பாடல்கள் பொறித்த செப்பேடுகள் 400க்கு மேற்பட்டன கிடைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. பாடலுக்கு ஓலை ஒன்றே போதாது எனக் கருதியவர் அக்காலத்தும் இருந்தனர்.

அறுந்த இடங்கள்

படிவரிசை ஒரு தலைமுறை அறுந்தால் நேர்வது யாது என்பதை நம் தொகைநூல்களே கூறும். பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பரிபாடல் எழுபதில் முழுமையாகக் கிடைத்தன 22. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்களும், புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களும் இல்லை. வளையாபதியும் குண்டலகேசியும் உதிரிப் பாடல்களாக எஞ்சின. இவற்றை எதிரி எரித்தான் எனக் கூறச் சான்றில்லை. எழுத வேண்டிய ஒருவன் எழுதாமையே போதும். சி. வை. தாமோதரம் பிள்ளை, ஏட்டைத் தொட்டாலே ஓரம் உதிர்ந்ததையும் கட்டை அவிழ்த்தால் இதழ் முறிந்ததையும் தம் பதிப்புரையிற் குறித்துள்ளார். அவர் கைக்கு வரச் சில ஆண்டுகள் தாழ்த்திருப்பின் இழப்பு இன்னும் மிகுந்திருக்கும்.

எரியும் தன் பங்கைச் செய்ததுண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. பிற இடங்களிற் படி இருந்த நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க இயன்றது. வேறு படி இல்லாத சுவடிகள் மீளவில்லை. அவ்விழப்பின் அளவைச் சாம்பலைக்கொண்டு அறிதல் இயலாது. அவற்றுக்குப் படி இருந்ததா இல்லையா என்பதைக்கொண்டே அறிதல் இயலும்.

இக்காலக் காப்பு

இன்று இவ்வேசலிற் புதிதாய் ஒரு மருமகள் புகுந்துள்ளாள். கணிப்பொறிக் காப்பு, மலையளவு செய்தியை விரலளவிற் கொள்வது. ஒரு நொடியிற் கடல் கடப்பது. இவ்வகையில் அது நால்வரையும் வென்றது. ஆயின் நிலைபேற்றில் அது ஓலையினும் மெலியது. தட்டும் நாடாவும் சில ஆண்டுகளிற் பழுதாகும். பழுதாகாதவிடத்தும் படிக்கும் கருவி மறையும். தமிழில் இதனை நாம் கண்கூடாகக் கண்டோம். 1990களில் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சான கட்டுரைகளை, உரிய எழுத்துரு இல்லாதவர் இன்று திறப்பின், பொருளற்ற குறிகளே தோன்றும். 1999இல் அரசு ஏற்ற 'டாம்', 'டாப்' குறியீடுகளின் இடத்தை 2010இல் ஒருங்குறி பெற்றது. பதினோராண்டிற்குள் எழுத்துமுறை ஒன்று வழக்கு வீழ்ந்த இவ்வேகத்தை மாங்குளத்துக் கல் கனவிலும் கண்டிராது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைப் பழைய குறியீட்டிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டமையால் அவை இன்றும் படிக்கப்படுகின்றன. அது பழைய ஏடெழுதுவோன் செய்த தொழிலே.

ஆதலின் சுவடியை ஒளிப்படம் எடுத்துவிட்டோம், இனி அது காக்கப்பட்டது எனக் கருதுவது கல்லின் தருக்கை மேற்கொள்வதாகும். ஒளிப்படம் ஏட்டின் தோற்றத்தைக் காக்கும். அதனைப் படிக்கும் ஆற்றலைக் காவாது. புள்ளியற்ற எழுத்தையும், காடு கரடு மயக்கத்தையும், தமிழ் எண்களையும் குறியீடுகளையும் அறிந்து படிப்போர் அருகிவரின், பல்லாயிரம் ஒளிப்படங்களும் பிரின்செப்புக்கு முந்திய மாங்குளமாகவே நிற்கும்.

முடிவுரை

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தகனின் காலத்தன; கி. பி. 919, 921 என்னும் ஆண்டுகளைச் சார்ந்தன. குடும்பு முப்பதிலிருந்தும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்கும் குடவோலை முறையை அவை விரித்துரைக்கின்றன. பெயரைத் தாங்கியது ஓலை; ஓலையைத் தாங்கியது மட்குடம்; அவ்விரண்டின் முறையையும் தாங்கியது கல். ஓலையும் குடமும் மறைந்தன, கல் இருந்தது. அக்கல்லையும் மைப்படியெடுத்துத் தாளில் அச்சிட்ட பின்னரே உலகம் அறிந்தது. ஏசலிட்ட அனைவரும் ஒரு பணியில் ஒருங்கு நின்றமைக்கு இதனிற் சிறந்த சான்று வேண்டா.

பள்ளு நூலில் இறுதியில் அமைதி காண்பது போல, இங்கும் அமைதி காணலாம். கல் சான்றுக்கும், செம்பு உரிமைக்கும், ஓடு எளியோர் பெயருக்கும், ஓலை நூலுக்கும் உரியவாயின. எப்பொருளும் தனித்து நின்று காக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றிற்கு மாற்றி எழுதிய கைகளே காத்தன. ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் தம் பட்டக் காலத்துள் இதுவரை அச்சேறாத சுவடி ஒன்றையேனும் படித்து, பெயர்த்தெழுதி, பிறர் ஒப்புநோக்கும்படி வைப்பாராயின், அவ்வரிசை நம் தலைமுறையில் அறாது. அங்ஙனம் எழுதுவோர் பிழை செய்யவுங் கூடும். அதனை அடுத்து எழுதுவோர் திருத்துவர். எழுதாமல் விட்டதைத் திருத்துவார் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.